பதினெட்டுச் சில்லுச் சுவாமி

"வைப்பர் பாத்தாச்சு. அதுக்குப் பிறகு என்ன?" என்று கேட்டாள் பேபி.

செல்வரட்ணம் யோசித்தார். அவருக்கு முன்னால் இருந்தது வீட்டுச் சோபா. ஆனால் அன்று பின்னேரம் அது சோபா அல்ல, ட்ரக். அதற்குப் பின்னால் இழுத்து ஒட்டிவைத்த சாப்பாட்டு மேசை ட்ரெயிலர். மேசைக்குக் கீழே பரப்பியிருந்த சட்டி மூடிகள் சில்லுகள். சோபாவின் ஒரு ஓரத்தில், டிரைவர் சீட்டில், அவருடைய மனைவி பேபி சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தாள்.

"லைற்," என்றார்.

"லைற் சொல்லிப்போட்டியள்."

"அப்ப... பின் ரயர்?"

"எஞ்சின் எங்கை? பெல்ற் எங்கை? முகத்திலையிருந்து நேரை காலுக்குப் பாயுறியளேயப்பா!"

செல்வரட்ணத்துக்கு வாகனம் ஓட்டத் தெரியாது என்று எதிரிகூடச் சொல்ல முடியாது. வன்னியில் உழவு மெசின் ஓட்டிய கை அது. பயிற்சிப் பள்ளி மைதானத்தில் பதினெட்டுச் சில்லு ட்ரக்கைப் பின்பக்கமாக எடுத்து, கோட்டுக்குள் கச்சிதமாக நிறுத்திக் காட்டியபோது, பயிற்சி கொடுக்கிற கில் என்ற சீக்கியர் தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டியிருக்கிறார். சனியன் ஓட்டத்தில் இல்லை, ஓட்டுவதற்கு முந்திய சுற்றில் இருந்தது. பெரிய ட்ரக் ஓட்டுகிற ஏ-செட் லைசென்ஸ் வேண்டுமென்றால், சோதிக்கிற அதிகாரிக்கு முன்னால் வாகனத்தை முழுதாகச் சுற்றி வந்து, ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டுக் காட்டி, இதில் விரிசல் இல்லை, இது ஒழுகவில்லை, இது இறுக்கமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செல்வரட்ணத்துக்குக் கை ஓடும், வாய் ஓடாது. முதல் தரம் போனபோது ட்ரெயிலரையே மறந்துவிட்டார். ஐம்பது அடி நீளமான சாமானை எப்படி மறப்பது என்று கேட்கக் கூடாது. பயம் வந்தால் யானையும் மறக்கும். இரண்டாம் தரம் ஒரு ஹெட்லைற்றையே மூன்று முறை பரிசோதித்துவிட்டு நன்றி சொல்லித் திரும்பி வந்தார்.

மூன்றாம் தரம் வருகிற வெள்ளிக்கிழமை.

இந்தத் தரம் தவற விட முடியாது. இத்தனை வருடம் உழைத்த பிளாஸ்ரிக் பக்ரறியைப் பங்குனி மாதத்தோடு மூடிவிட்டார்கள். பேபியின் தம்பி றூபன் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ட்ரக் கொம்பனி நடத்துகிறான். "அத்தான், புதுசா இன்னொரு ட்ரக் வாங்கப் போறன். வெள்ளிக்கிழமைக்குள்ளை லைசென்ஸோடை வந்தா அந்தச் சீட் உங்களுக்கு. இல்லாட்டி வேறை ஆள் பாத்து வைச்சிருக்கிறன்," என்று சொல்லியிருந்தான். மச்சானிடம் கைநீட்டிச் சம்பளம் வாங்குவது ஒரு மாதிரித்தான். மச்சான் வேண்டாமென்று சொல்லி, அதைச் சொந்தக்காரர் எல்லாரும் சம்பலோடு சேர்த்துச் சாப்பிடுவது அதைவிட மோசம்.

இரண்டு தரம் தவறிய கதை றூபனுக்குத் தெரியாது. ஒருவருக்குமே தெரியாது. எங்கள் சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கலியாணம் பேசினாலும், வீடு வாங்கினாலும், சோதனை எடுத்தாலும் கைக்கு வந்து சேரும்வரை வாய் திறக்கக் கூடாது. திறந்தால் நாவூறு.

"ஆர் கேட்டாலும் ஒண்டும் சொல்லாதேங்கோ," என்றாள் பேபி. "சொல்லித்தான் இரண்டு தரமும் பிழைச்சது."

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே!"

"மனசுக்குள்ளை சொல்லியிருப்பியள்."

செல்வரட்ணம் சோபாவைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "எனக்கு ஒழுங்கு தவறாமல் ஞாபகம் நிக்கிற சுத்து உலகத்திலை ஒண்டுதான்," என்றார்.

"என்ன?"

"கோயில் வீதி."

கில் சொல்லிக்கொடுத்த முறைப்படி முன்பக்கத்திலிருந்து டிரைவர் பக்கமாகப் போய்ச் சுற்ற வேண்டும். அப்படிப் போனால் ட்ரக் இடக்கைப் பக்கம் வரும். இடப்பக்கமாகச் சுற்றுவது செத்த வீட்டில்தான். செல்வரட்ணத்தின் கால் அந்தத் திசைக்கு மறுத்தே விட்டது. நேரே கில்லுக்குப் போன் போட்டுக் கேட்டார். எந்தப் பக்கத்தால் வேண்டுமானாலும் சுற்று, ஆனால் ஒன்றையும் விட்டுவிடாதே என்றார் கில்.

அவ்வளவுதான், வழி பிறந்துவிட்டது. ட்ரக்கின் முன்முகம் பிள்ளையார். அங்கே லைற், கண்ணாடி, எஞ்சின். வலப்பக்கத்து டீசல் தாங்கி தெட்சணாமூர்த்தி. ட்ரெயிலரின் பின்கதவு லிங்கோற்பவர். திரும்பி இடப்பக்கமாக வந்தால் பின் ரயர்கள் துர்க்கை, பிறேக் ஹோஸ் சண்டேசுவரர். டிரைவர் கதவில் வைரவர். உள்ளே ஏறி இருந்தால் வட்டம் வட்டமாக மீற்றர்கள், நவக்கிரகம். பேபியே வாயில் கை வைத்துவிட்டாள். அவர் சோபாவை நாலு தரம் சுற்றினார், ஒன்றையும் விடவில்லை.

ஆனால் சோபாவுக்குப் பிறேக் ஹோஸ் கிடையாது. பயிற்சிப் பள்ளியிலோ வெள்ளி வரைக்கும் இடமில்லை. மோர்னிங்சைட்டில் அவர் மீன் வாங்குகிற பிளாசாவுக்குப் பின்னால் ஒரு ட்ரக் ட்ரெயிலரோடு நெடுநாளாக நிற்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த நாளே போனார். போய்ப் பார்த்தவருக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு ட்ரக்குக்கு வரக்கூடிய அத்தனை வருத்தமும் அதற்கு வந்திருந்தது. முன்கண்ணாடியில் மூலைக்கு மூலை வெடிப்பு. சைட் கண்ணாடியைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ரயர்கள் வழுக்கை. எஞ்சின் மூடியின் கொளுக்கி உடைந்து தொட்டாலே திறந்தது, உள்ளே பெல்ற் நார் நாராகத் தொங்கியது. கீழே எண்ணெய் சொட்டிச் சொட்டிச் சின்னக் குளமே கட்டியிருந்தது. நல்ல ட்ரக்கில் விரிசல் இல்லை என்று கிளிப்பிள்ளைபோலச் சொல்லலாம். விரிசல் என்றால் என்னவென்று படிக்க இதைவிட நல்ல இடம் ரொறன்ரோவில் கிடையாது என்று செல்வரட்ணம் நினைத்துக்கொண்டார்.

சோதனைக்கென்று பேபி வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சப்பாத்தைக் காலுக்குப் பழக்குவதற்காகப் போட்டு வந்திருந்தார். எண்ணெயில் மிதித்தால் வீட்டுக்குள் போக முடியாது. சப்பாத்தைக் கழற்றி ஒரு ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு தொடங்கினார். முன்னால் நின்று ஏறிட்டுப் பார்த்தார். வலமாக நடந்தார். ஒழுகுவது எண்ணெயா தண்ணீரா என்று தொட்டு, விரலை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். ட்ரெயிலருக்குக் கீழே பார்க்க முழங்காலில் விழுந்து நிலத்தோடு தலையைச் சாய்த்தார். உதடு மட்டும் ஓயாமல், "நோ கிராக்ஸ், நோ லீக்ஸ், செக்கியூர்லி மவுண்டெட்," என்று முணுமுணுத்தது.

இரண்டு மூன்று நாள் ஒரு தொந்தரவும் இல்லை. அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் வந்தது.

"அண்ணை."

பிளாசாவின் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிற வேரோனிக்கா, பின்கதவடியில் குப்பைப் பையோடு நின்றாள்.

"நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வலம் வாறியள், தொட்டுக் கண்ணிலை ஒத்துறியள், விழுந்து கும்பிடுறியள். உந்த ட்ரக்கிலை என்ன அண்ணை விசயம்?"

சோதனை என்று சொல்லலாம். சொன்னால் நாவூறு. சொன்னதை பேபி எப்படியும் கண்டுபிடிப்பாள். செல்வரட்ணத்தின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"நேர்த்தி."

"ட்ரக்குக்கோ?"

"ஓ... ஓம். வெள்ளிக்கிழமை வரைக்கும்."

"என்ன கேட்டு?"

"அது சொல்லக் கூடாது, தங்கச்சி."

"ஓமோம், சொல்லக் கூடாது," என்று வேரோனிக்கா உடனே ஒத்துக்கொண்டாள். சொல்லக் கூடாது என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு முழு நம்பிக்கை வந்துவிடும். குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "நான் வேதக்காரி அண்ணை. நான் சுத்தினா அது ஒண்டும் நினையாதோ?"

"அது ஒண்டும் நினையாது," என்றார் செல்வரட்ணம். அன்று அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

வேரோனிக்கா செபமாலையை எடுத்து, அவருக்குப் பின்னால் ஒரு சுற்று நடந்தாள். அவளுடைய மகள் ஷரோனின் புருசன் இன்னும் மன்னாரில் இருந்தான். அவனைக் கூப்பிடுகிற அலுவல் இமிகிரேசனில் எந்த மேசைக்கு அடியில் கிடந்ததோ தெரியாது. அடுத்த நாள் காலையில் விசா வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததற்குச் செல்வரட்ணத்தைக் குற்றம் சொல்ல முடியாது. வேரோனிக்கா ரொட்டி வாங்க வந்தவர்களிடம் சொன்னாள். ரொட்டி வாங்கியவர்கள் வாட்ஸ்அப்பில் போட்டார்கள். செவ்வாய் பின்னேரம் அவர் போனபோது ட்ரக்குக்கு மாலை போட்டிருந்தது. ஹெட்லைற் இரண்டுக்கும் சந்தனப் பொட்டு. ரயருக்கு ரயர் தேசிக்காய். கயிற்றால் கட்டியிருந்த கண்ணாடியில் இன்னும் பத்து நேர்த்திக் கயிறுகள். ஒருத்தர் டீசல் தாங்கியின் மேலே கற்பூரத்தை வைத்து நெருப்புக்குச்சியை உரசப் போனார்.

"ஐயோ, அதிலை கொளுத்தாதேங்கோ!" என்று பாய்ந்தார் செல்வரட்ணம்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வேரோனிக்கா எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "அண்ணை சொல்லுறார், அந்தப் பக்கம் தீபம் ஆகாதாம்."

அன்றிலிருந்து அவர்தான் பூசகர். அவர் நடந்தால் சனம் நடந்தது, அவர் குனிந்தால் சனம் குனிந்தது. "நோ கிராக்ஸ்," என்று வாய்க்குள் சொன்னால், பின்னால் முப்பது குரல், "நோ கிராக்ஸ்!" என்றது. இங்கிலிஷ் விளங்காத சனம் அல்ல. ஆனால் மந்திரத்தை விளங்கியா இத்தனை காலமும் கும்பிட்டார்கள்? அதற்கும் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் உரை சொன்னார். "வீட்டிலை விரிசல் வரக் கூடாது, காசு ஒழுகக் கூடாது, வாழ்க்கை இறுக்கமா நிக்கவேணும். மனுசனுக்கு இதைவிட வேறென்ன வேணும்?" ட்ரக் அந்த நேரமும் எண்ணெய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை ஒரு அம்மா சின்னப் போத்தலில் ஏந்தினார்.

செல்வரட்ணத்துக்குத்தான் வேலை கெட்டது. சந்தனம் அப்பிய லைற்றில் வெடிப்பை எங்கே தேடுவது? மாலைக்குள் புதைந்த சில்லில் நட் இறுக்கமா என்று எப்படிப் பார்ப்பது? சுண்டல் வேறு கையில் தந்தார்கள்.

அடுத்த நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தார். பூசகர் விடியவே வருகிறார், இதுதான் விசேசமான நேரம் என்று கொஞ்ச நேரத்துக்குள் முதல் நாளைவிடப் பெரிய கூட்டம். வேறு வழியில்லாமல், ஒரு சுற்றாவது தனியாகச் சுற்றுவோம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, கில் சொல்லித்தந்த இடப்பக்கமாகத் திரும்பினார்.

எதிரே வந்த கூட்டம் அப்படியே நின்றது.

"செய்வினை!" என்றது ஒரு குரல்.

"எங்கடை நேர்த்தியெல்லாத்தையும் அவிட்டுப்போட்டான்!" என்றது இன்னொன்று.

வேரோனிக்காவின் முகமே கறுத்துவிட்டது. "என்னண்ணை உது? மருமோன் திங்கட்கிழமை பிளேன் ஏறவேணும்!"

செல்வரட்ணம் கையை உயர்த்தினார். "தங்கச்சி, ட்ரக் எண்டா முன்னுக்கு மட்டுமோ ஓடுறது? ரிவேர்ஸும் போகத்தானே வேணும். அதுக்கொரு சுத்து இருக்கு."

வாத்தியார் மெல்லத் தலையாட்டினார். "ஓம். போன காலத்துப் பாவம் கழிய."

அவ்வளவுதான். எதிர்காலம் வேண்டியவர்கள் வலமாகவும், பழையதைக் கழிக்க வேண்டியவர்கள் இடமாகவும் சுற்றத் தொடங்கி, ட்ரெயிலரின் பின்மூலையில் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இது குரங்குக்கும் மாலை போட்ட கதை.

அன்று இரவு சாப்பிடும்போது பேபி போனை நீட்டினாள். "இஞ்சரப்பா, மோர்னிங்சைட்டிலை ஒரு ட்ரக் சுவாமி வந்திருக்காம். கேட்டதெல்லாம் தருதாம். நீங்கள் பிரக்ரிஸ் பிரக்ரிஸ் எண்டு எங்கையோ அலைஞ்சு திரியுறியள். அதை ஒருக்காச் சுத்திக் கும்பிட்டா என்ன?"

"பேபி, அந்தச் சுவாமியைத் தொடக்கினது நான்தான்."

பேபி போனை மேசையில் வைத்தாள். "உங்களுக்கு இரண்டு லைற் ஞாபகம் நிக்காது, நீங்கள் சுவாமி தொடக்குவியள்! சும்மா பகிடி விடாமல் சாப்பிடுங்கோ," என்றாள்.

வியாழன் பின்னேரம்தான் உண்மையான ஆபத்து வந்தது. ஒரு இழுவை வாகனம் பின்பக்கமாகவே உறுமிக்கொண்டு பிளாசாவுக்குள் வந்தது. அதிலிருந்து கட்டையான ஒரு மனிதர் இறங்கினார். மாலையையும் கூட்டத்தையும் கண்டு வாய் பிளந்தார். அவர்தான் ட்ரக்கின் சொந்தக்காரர் நவரட்ணம்.

செல்வரட்ணம் ஓடிப்போய் அவரை ஒரு பக்கமாக இழுத்தார். "அண்ணை, எடுக்காதேங்கோ! நாளைக்கு ஒரு நாள் விடுங்கோ!"

"உந்த ட்ரக்கை உடைக்கிற இடத்துக்குக் குடுக்கப்போறன்," என்றார் நவரட்ணம் தணிந்த குரலில். "ஆரப்பா உதுக்குப் பொட்டு வைச்சது? உது உதவாத சாமான்."

"தெரியும். இடப்பக்கப் பிறேக் ஹோஸ் வெடிச்சிருக்கு. பின்னாலை நாலு ரயர் மொட்டை. எயார் தாங்கி கறள் பிடிச்சுப்போச்சு. ஸ்பிறிங் தகடு ஒண்டு துண்டா முறிஞ்சிருக்கு."

"மெக்கானிக்கோ?"

"இல்லை. பக்தன்."

"ஸ்ராட் வரும் அண்ணை. ஓடவும் ஓடும்," என்றார் நவரட்ணம் வருத்தத்தோடு. "நிக்கிறதுதான் இல்லை."

கூட்டம் நெருங்கி வந்து காதைக் கொடுத்தது. இனித் தணிந்த குரலில் பேச முடியாது. நாளைக்கு விடிய ஒரு கடைசிச் சுற்றுச் சுற்றாவிட்டால் எல்லாம் மறந்துபோகும் என்ற பயம் செல்வரட்ணத்தைப் பிடித்துக்கொண்டது. வேலை போனதிலிருந்து பகலில் வீட்டில் இருக்கக் கூச்சப்பட்டு, பஸ்ஸில் ஏறி முடிவு மட்டும் போய்த் திரும்பி வந்த நாட்களெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கையைக் கூப்பிக்கொண்டு உரத்துச் சொன்னார்:

"இந்த ட்ரக்காலைதான் அண்ணை எனக்கு வாழ்க்கை வரப்போகுது! என்ரை குடும்பம் இதை நம்பித்தான் இருக்குது!"

சொல்லுக்குச் சொல் உண்மை. கூட்டத்துக்குப் புல்லரித்தது. "அரோகரா!" என்றார் வாத்தியார். வேரோனிக்கா சிலுவை அடையாளம் போட்டாள். முன்வரிசையில் இரண்டு பேர் விழுந்தே கும்பிட்டார்கள்.

நவரட்ணம் அழுகிற செல்வரட்ணத்தைப் பார்த்தார். விழுந்து கிடந்தவர்களைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். பிறகு நாடியைத் தடவிக்கொண்டு, இழுவை வாகனக்காரனைத் திரும்பிப் போகச் சொன்னார். போகும்போது போனை எடுத்து, சனத்தோடு சேர்த்து ட்ரக்கை ஒரு வீடியோவும் பிடித்துக்கொண்டு போனார்.

"நல்ல மனுசன்," என்று செல்வரட்ணம் கண்ணைத் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை சோதனை நிலையத்தில் அவருக்கு வந்த அதிகாரி உயரமான ஒரு பெண். கறுப்புக் கண்ணாடி, கையில் கடதாசி சொருகிய அட்டை. சிரிப்பதற்குச் சம்பளம் தருவதில்லை என்ற முகம். தொடங்கலாம் என்று கையைக் காட்டினாள்.

செல்வரட்ணத்தின் நாக்கு வழக்கம்போல மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ட்ரக்கின் முன்னால் போய் நின்றார். பிள்ளையாரே. கை தானாக எழுந்து தலையில் குட்டப் போனது. நடுவழியில் சுதாரித்து, வெயிலுக்குக் கண்ணை மறைப்பதுபோல வைத்து, உச்சி லைற்றுகளைப் பார்த்தார். பார்த்ததும் வாய் திறந்தது. திறந்த வாய் மூடவில்லை.

லைற், கண்ணாடி, பெல்ற், டீசல் தாங்கி, கதவு. கால் தானாக நடந்தது, வாய் தானாகச் சொன்னது. ஒரேயொரு விஷயம்தான் அவரைத் தடுமாற வைத்தது. இந்த ட்ரக்கில் ஒன்றுமே உடைந்திருக்கவில்லை. பிறேக் ஹோஸ் வெடித்திருக்க வேண்டிய இடத்தில் வெடிப்பைக் காணவில்லை. குனிந்து தேடினார், கையை விட்டுத் தடவினார், இன்னும் குனிந்தார். எண்ணெய் சொட்டும் இடத்தில் நிலம் காய்ந்து கிடந்தது. "நோ... லீக்ஸ்?" என்றார் நம்ப முடியாமல். ஒரு கிழமையாக வாயால் மட்டும் சொன்னதை அன்றுதான் கண்ணால் கண்டார்.

சண்டேசுவரரிடம் மட்டும் பிடிபட்டார். கை தன்பாட்டில் மூன்று தரம் தட்டிவிட்டது.

அது என்ன என்று கேட்டாள் அதிகாரி.

"சவுண்ட்," என்றார் செல்வரட்ணம். "செக்கிங் சவுண்ட்."

அவள் ஏதோ எழுதினாள். பிறகு செல்வரட்ணம் ஏறி இருந்து நவக்கிரகம் முழுவதையும் ஒப்புவித்து, பிறேக் காற்றுப் பார்த்து, றோட்டில் ஓட்டி, பின்பக்கமாக எடுத்து நிறுத்தினார். கறுப்புக் கண்ணாடி முதல் தரமாகக் கழன்றது. எல்லாரும் பாடமாக்கி ஒப்புவிப்பார்கள், உடைவு எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று இப்படி உண்மையாகத் தேடிய ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சொல்லிக் கடதாசியைக் கையில் கொடுத்தாள்.

பாஸ்.

பார்க்கிங்கில் நின்று செல்வரட்ணம் கொஞ்சம் அழுதார். சந்தோசத்தில் அழுவதற்கு வெட்கம் என்ன? பிறகு பேபிக்குப் போன் எடுத்தார்.

"இனிச் சொல்லலாமோ?"

"கையிலை லைசென்ஸ் காட் தந்திட்டாங்களோ?"

"இப்ப கடதாசிதான். காட் தபாலிலை வரும்."

"அப்ப தம்பிக்கு மட்டும் சொல்லுங்கோ," என்றாள்.

பின்னேரம் றூபன் லட்டுப் பெட்டியோடு வந்தான். அக்காவின் வாயில் ஒரு லட்டைத் தீத்தினான், அத்தானைக் கட்டிப் பிடித்தான். "முதல் தரத்திலையே பாஸ் பண்ணிப்போட்டியள் அத்தான்! எங்கடை பெடியள் இரண்டு மூண்டு தரம் போய் வாறாங்கள்."

"அது சும்மா சின்ன விசயம்," என்றார் செல்வரட்ணம். பேபி லட்டை மென்றுகொண்டு கூரையைப் பார்த்தாள்.

றூபன் பையிலிருந்து ஒரு வாகனத் திறப்பை எடுத்து மேசையில் வைத்தான். திறப்பில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. "சொன்ன சொல் தவற மாட்டன். உங்கடை ட்ரக். நேற்று இரவுதான் பேசி முடிச்சனான். திங்கள் விடிய மொன்றியல் லோட்."

செல்வரட்ணம் திறப்பைக் கையில் எடுத்தார். இத்தனை மாதமும் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டார். இனி அவர் பக்ரறியிலிருந்து நிறுத்தப்பட்ட ஆள் அல்ல, தொழில் தெரிந்த டிரைவர்.

"நல்லா இருக்கோ வாகனம்?"

"ராசியான வாகனம் அத்தான். போட்டி போட்டுத்தான் எடுத்தனான்."

"ராசி கிடக்கட்டும். கீழை குனிஞ்சு பாத்தியோ? பிறேக் ஹோஸ், ரயர், ஒழுக்கு, ஒண்டும் விடாமல் ஒரு சுத்துச் சுத்தி வந்தியோ? வாகனமெண்டா முதலிலை அதுதான் தம்பி."

றூபன் லட்டுத் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டுச் சிரித்தான்.

"மோர்னிங்சைட் பிளாசாவுக்குப் பின்னாலை இந்தக் கிழமை முழுக்கச் சனம் விழுந்து கும்பிட்ட ட்ரக் அத்தான் அது, அதைப் போய்க் குனிஞ்சு செக் பண்ணுறது பாவமெண்டு பாக்காமலே வாங்கிப்போட்டன்!"